அஞ்சறைப் பெட்டியும் அத்திமரமும்

ஒரு மலை இருந்துச்சு. மலை நெறைய காடு இருந்துச்சு, காட்டுக்கு அடிவாரத்துல தாழையூர்னு ஒரு ஊரு இருந்துச்சு, அந்த ஊருக்கு ஒரு ராசா இருந்தாரு. ராசா இல்லாட்டியும் காடு இருந்திருக்கும், காடு இல்லாட்டி ராசா இருந்திருக்க மாட்டாரு, ஆனா அது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்தக் கதையே இல்ல, நீங்களும் இந்நேரம் தூங்கியிருப்பீங்க.

அந்தக் காட்டுல, பாதி மலை ஏறுனா ஆறு குடிசை. அதுல கடைசிக் குடிசையில மருதின்னு ஒருத்தி, அவ புருசன் பேரு சடையன். சடையனுக்கு ரெண்டு கண்ணும் தெரியாது. பொறந்தப்ப தெரிஞ்சுது, இருபது வயசுல கரடி அடிச்சுப் போயிருச்சு. போனா என்ன, காலையில எந்திரிப்பான், கம்பை எடுப்பான், கிழங்கு தோண்டப் போவான், பொழுது சாயுறதுக்குள்ள தானாவே வீட்டுக்கு வந்துருவான். ஒருத்தர் கையையும் பிடிக்க மாட்டான்.

எப்படி வருவான்? அப்படிக் கேளுங்க. காதாலதான் வருவான். கிழங்குக் காட்டுல இருந்து வீட்டுக்கு மூணு அடையாளம் வச்சிருந்தான். ங்ஙொய்ன்னு தலைக்கு மேல தேனீச் சத்தம் கேட்டா தேன்பாறை, நேராப் போகணும். குக்குறுவானும் கிளியும் மைனாவும் பழத்துக்குச் சண்டை போடுற சத்தம் கேட்டா அத்திமரம், அங்க சோத்துக்கைப் பக்கம் திரும்பணும். கொரக் கொரக்ன்னு தவளை கத்துனா ஊத்து, அங்கருந்து இருபது அடி வச்சா வீடு. தேனீ, பறவை, தவளை. இந்த மூணும் இருந்தாப் போதும், சடையனுக்குக் கண்ணு எதுக்கு?

அத்திமரத்துக்கு இருவாச்சியும் வரும். இருவாச்சி தெரியுமா? மூக்குக்கு மேல இன்னொரு மூக்கு வச்ச மாதிரி இருக்கிற பெரிய பறவை. அது பறந்து வந்தா கொல்லன் துருத்தி ஊதுற மாதிரி புஸ்ஸு புஸ்ஸுன்னு ரெக்கைச் சத்தம் தூரத்துலயே கேட்டுரும். "மருதி, விருந்தாளி வந்துட்டாருடி" அப்படின்னு சடையன் சொல்லுவான். அவ வெளிய வந்து பாக்குறப்ப ஆகாசத்துல ஒண்ணும் இருக்காது. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் வரும்.

அந்த ஆறு குடிசைக்கும் ஒரு வழக்கம் உண்டு, இதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க, பின்னால வேணும். ஒரு மரத்தை வெட்டணும்னா, வெட்டுறவன் முதல்ல அதுக்கு அடியில மூணு நாள் உக்காரணும். சும்மா உக்காந்தாப் போதாது. அந்த மரத்துக்கு யாரு வர்றா, யாரு திங்குறா, யாரு தூங்குறா, யாரு முட்டை வைக்கிறான்னு பாக்கணும். மூணாம் நாள் சாயங்காலம் ஆறு குடிசைக்காரங்களையும் கூட்டி வச்சுச் சொல்லணும். வந்தவங்களுக்கு வேற போக்கிடம் இருந்தா வெட்டலாம். இல்லன்னா கோடாரியைத் தோள்ல போட்டுக்கிட்டு வேற மரத்துக்கு அடியில போய் உக்காரணும். இதுக்கு "உக்காருறது"ன்னுதான் பேரு, பெரிய பேரெல்லாம் வைக்கல.

இப்ப ராசாகிட்ட வருவோம். ஒரு நாள் ராசாவுக்கு வயித்துப் பொருமல். வைத்தியர் வர்ற வரைக்கும் பொறுக்க முடியல, தானே அடுப்படிக்குப் போயிட்டாரு. "ஏம்மா, கொஞ்சம் சீரகம் குடு"ன்னாரு. சமையல்காரி அஞ்சறைப் பெட்டியத் தொறந்தா, கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள சீரகத்தை எடுத்து உள்ளங்கையில வச்சுட்டா. ராசா பெட்டியப் பாத்தாரு. ஒரு அறையில கடுகு, ஒரு அறையில சீரகம், ஒரு அறையில மிளகு, ஒரு அறையில வெந்தயம், ஒரு அறையில உளுந்து. ஒண்ணோட ஒண்ணு சேரல, ஒண்ணை ஒண்ணு தொடல.

"ஆகா, என்ன ஒழுங்கு"ன்னாரு ராசா. சீரகம் தின்னாரு, பொருமல் போச்சு, ஆனா பெட்டி மனசை விட்டுப் போகல. சிலருக்கு அப்படித்தான், வயிறு சரியானா தலையில கோளாறு வந்துரும்.

மறுநாள் மந்திரியைக் கூப்பிட்டாரு. மந்திரி பேரு சொக்கப்பர். "சொக்கப்பரே, நம்ம காடு ஏன் இப்படிக் கலந்து கிடக்கு? மரத்துல பறவை இருக்கு, பறவைக்குக் கீழ பன்னி இருக்கு, பன்னி நிக்கிற எடத்துல தண்ணி இருக்கு. ஒண்ணு வேணும்னா எங்க போய் எடுக்குறது? காட்டை அஞ்சறைப் பெட்டியா ஆக்குங்க"ன்னாரு.

சொக்கப்பருக்கு வாயெல்லாம் பல்லு. ஏன்னா அவரு அப்பத்தான் தனக்கு ஒரு நாலுகட்டு வீடு கட்ட ஆரம்பிச்சிருந்தாரு, தேக்கு வேணும், நேரான தேக்கா வேணும், நெறைய வேணும். "மகாராசா நெனைச்சதை நான் நேத்தே நெனைச்சேன்"ன்னாரு. மர அறைக்கு ஒரு அதிகாரி, மிருக அறைக்கு ஒரு அதிகாரி, தண்ணி அறைக்கு ஒரு அதிகாரி, தேன் அறைக்கு ஒரு அதிகாரி, புல்லு அறைக்கு ஒரு அதிகாரி. அஞ்சு பேரும் அவங்கவங்க எல்லைக்குக் கல்லு நட்டாங்க. ஒருத்தர் கல்லை ஒருத்தர் தாண்டக் கூடாது. யானையைத் தெக்க வெரட்டியாச்சு, மானை வடக்க அடைச்சாச்சு, புல்லை மேக்க வளத்தாச்சு.

அப்புறம் தேன் அதிகாரி மலைக்கு வந்தாரு. தேன்பாறையைப் பாத்தாரு, முப்பது அடை தொங்குது. "தேனெல்லாம் ஒரே எடத்துல இருக்கணும், அரண்மனைத் தோட்டத்துல பானை வச்சிருக்கோம், அதுல வந்து கூடு கட்டட்டும்"ன்னு சொல்லிப் புகை போட்டாரு. பாறைத் தேனீ பானையில கூடு கட்டுமா? அது காத்தாட மலையில தொங்குற சாதி. பானையை எட்டிப் பாத்துச்சு, வேற மலைக்குப் போயிருச்சு. தேன்பாறை ஊமையாச்சு.

அன்னைக்குச் சடையன் தேன்பாறையைத் தாண்டிப் போயிட்டான், தாண்டுனதே தெரியல. கல்லுல மோதித் திரும்பி வந்தான். வீட்டுக்கு வந்து, "ரெண்டு அடையாளம் பாக்கி இருக்கு, போதும்"ன்னான். மருதி அடுப்பை மூட்டுனா. வெந்நி வச்சு முட்டியில ஊத்தி விட்டா.

அப்புறம் மர அதிகாரி வந்தாரு, கூடவே சொக்கப்பரும் கோடாரி ஆளுங்களும் வந்தாங்க. அத்திமரத்துக்கு முன்னால நின்னாங்க. மருதி அங்க விறகு பொறுக்கிக்கிட்டு இருந்தா.

"இது என்ன மரம், இப்படிக் கோணலா?"ன்னாரு சொக்கப்பர்.

"அத்திங்க."

"பலகை அறுக்கலாமா?"

"அறுக்க முடியாதுங்க. பழம் திங்கலாம்."

"அப்ப இது எதுக்கு எடத்தை அடைச்சுக்கிட்டு? வெட்டுங்க. இங்க தேக்கு நடலாம்."

மருதி விறகைக் கீழ போட்டா. "சாமி, இந்தக் காட்டுல மரம் வெட்டுறதுன்னா மூணு நாள் உக்காரணுங்க. யாரு வர்றாங்கன்னு பாத்துட்டு வெட்டணும்."

சொக்கப்பர் சிரிச்சாரு. மரத்தடியில ஒரு கல்லு கிடந்துச்சு, அதுல உக்காந்தாரு, வெத்தலையை மடிச்சு வாயில போட்டாரு, மென்னாரு, துப்புனாரு, எந்திரிச்சாரு. "உக்காந்தாச்சு. ஒருத்தரும் வரல. வெட்டுங்கப்பா"ன்னாரு.

இத்தனை ஆளு கோடாரியோட நின்னா எது வரும்? ஒரு அணில் வருமா? வெட்டிட்டாங்க. மரம் விழுந்தப்ப காய் சிதறி ஓடுச்சு, கிளி குஞ்சு ரெண்டு செத்துக் கிடந்துச்சு. சுத்தி இருந்த புதரு, கொடி, நாவலு, புங்கு எல்லாத்தையும் வழிச்சுப் போட்டாங்க. எதெல்லாம் நேரா இல்லையோ அதெல்லாம் போச்சு, நேரா நின்ன தேக்கு மட்டும் மிச்சம். இருவாச்சி வந்து ரெண்டு சுத்து சுத்துச்சு, உக்கார எடமில்ல, போச்சு.

அப்புறம் தண்ணி அதிகாரி வந்தாரு. பாவம், அவரு நல்ல மனுசந்தான், தண்ணி சுத்தமா இருக்கணும்னு நெனைச்சாரு. ஊத்தைச் சுத்திச் சுவர் கட்டுனாரு, மேல கூரை போட்டாரு. இலை விழக் கூடாதுன்னு பக்கத்துச் செடியெல்லாம் பிடுங்குனாரு. தவளையைக் கூடையில அள்ளி, "இது மிருக அறைக்குப் போகணும்"ன்னு எழுதி வடக்க அனுப்புனாரு. சிரிக்காதீங்க, நெசமாத்தான் அனுப்புனாரு.

அந்த வருசம் மழை வந்துச்சு. மேல புதரு இல்ல, வேரு இல்ல, உதுந்த இலை மெத்தை இல்ல. மழைத் தண்ணி நிக்கல, குடிக்கல, மண்ணையும் அள்ளிக்கிட்டு ஒரே ஓட்டமா ஓடிருச்சு. ஊத்துக்குத் தண்ணி எங்கருந்து வரும்? பங்குனியில இடுப்பளவு இருந்துச்சு, சித்திரையில முழங்காலளவு, வைகாசியில சுவர் மட்டும் இருந்துச்சு.

ஒரு நாள் சாயங்காலம் சடையன் வரல. மருதி உலையை வச்சுட்டுப் பாத்தா, வரல. உலை கொதிச்சுச்சு, வரல. உலையை இறக்கிட்டு ஓடுனா. ரொம்ப தூரம் ஓட வேண்டி வரல. வீட்டுல இருந்து எழுபது அடி தூரத்துல, வெட்டுன அத்திமரத்து அடிக்கட்டை மேல கையை வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டு இருந்தான். மத்தியானத்துல இருந்து அங்கயே சுத்தியிருக்கான், கால் தடம் வட்டம் வட்டமா கிடக்கு.

"ஏய்யா, வீடு இந்தா இருக்குய்யா"ன்னா.

"எந்தப் பக்கம்?"ன்னான். இருபது வருசத்துல முதல் தடவை அப்படிக் கேட்டான். "மருதி, காட்டோட வாயை யாரோ பொத்திட்டாங்க புள்ள. எனக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

மருதி அவன் கையைப் பிடிச்சா. அவனும் பிடிக்க விட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கல, அவன் கையைக் குடுத்துட்டானேன்னு அழுதா. மறுநாள் வாசல்ல இருந்து ஊத்து வரைக்கும் ஒரு கயிறு கட்டி வச்சா, பிடிச்சுக்கிட்டுப் போகட்டும்னு. சடையன் கயிறைத் தொட்டுப் பாத்தான். "நான் என்ன ஆடா?"ன்னான். உள்ள போய்ப் படுத்துக்கிட்டான்.

அவ சும்மா இருப்பாளா? அதிகாரிங்களைப் பாக்கப் போனா.

மர அதிகாரிகிட்ட, "பறவை எல்லாம் போச்சுங்க"ன்னா. "பறவையா? அது மிருக அறைம்மா. என் அறையில மரம் மட்டுந்தான். பாரு, எவ்வளவு நேரா நிக்குது"ன்னாரு.

மிருக அதிகாரிகிட்ட, "பறவை எல்லாம் போச்சுங்க"ன்னா. "பறவை மரத்துலதானே உக்காரும்? மரம் என் அறை இல்லியே. கூண்டுல இருக்கிறதைக் கேளு, சொல்றேன்"ன்னாரு.

தண்ணி அதிகாரிகிட்ட, "ஊத்து வத்திருச்சுங்க"ன்னா. "சுவர்ல விரிசல் இருக்கா?"ன்னாரு. "இல்லீங்க"ன்னா. "அப்ப என் வேலை சரியாத்தான் இருக்கு. தண்ணி மண்ணுல இருந்து வரணும், மண்ணு மரத்துக்குக் கீழ இருக்கு, மர அறைக்குப் போ"ன்னாரு.

கடைசியா சொக்கப்பர்கிட்ட போனா. அவரு பாதி கட்டுன வீட்டுல, புதுத் தேக்குத் தூணுல சாஞ்சுக்கிட்டு இருந்தாரு. எல்லாம் கேட்டாரு. கேட்டுட்டு, "நீங்க எந்த அறை?"ன்னாரு.

"என்னங்க?"

"மரமா, மிருகமா, தண்ணியா, தேனா, புல்லா? மனுசங்களுக்கு அங்க அறை இல்லியே. உங்களை எப்படி மறந்தேன்? ஆடி அமாவாசைக்குள்ள ஆறு குடிசையும் காலி பண்ணிருங்க. சந்தைக்குப் பின்னால எடம் தர்றேன்."

மருதி சந்தைக்குப் பின்னால இருக்கிற எடத்தைப் போய்ப் பாத்தா. வண்டிச் சத்தம், மாட்டுச் சத்தம், தராசுச் சத்தம். அந்தச் சத்தத்துல எது கிழக்கு, எது வீடு? சடையனை ஒரு மூலையில உக்கார வச்சா சாகுற வரைக்கும் அந்த மூலைதான். அவ வழி முச்சூடும் யோசிச்சுக்கிட்டே ஏறுனா. பாதி மலையில நின்னா. திரும்பி இறங்குனா. மறுபடியும் சொக்கப்பர் முன்னால போய் நின்னா.

"சாமி, போகச் சொன்னாப் போறோம். ஆனா எங்க காட்டுக்கு வந்தவங்களுக்குச் சோறு போடாம விட்டதில்ல. ராசா பெட்டியாக்குன காட்டைப் பாக்க வரப் போறாருன்னு ஊரே பேசுது. வந்தா எங்க வீட்டுல ஒரு வேளை கை நனைக்கணும். அதுக்கப்புறம் போறோம்."

சொக்கப்பர் யோசிச்சாரு. மலைக்காரங்களே விருந்து வச்சு வழியனுப்புனா ராசாவுக்கு எவ்வளவு சந்தோசம். "சரி. ஆனா கண்டபடி இருக்கக் கூடாது. எல்லாம் பெட்டி மாதிரி ஒழுங்கா இருக்கணும்"ன்னாரு.

"அப்படியே பண்றோம் சாமி. பெட்டி மாதிரியே பண்றோம்"ன்னா மருதி.

ராசா வர்ற அன்னைக்குச் சொக்கப்பர் விடியுறதுக்குள்ளயே ஆளுங்களை மலைக்கு அனுப்பிட்டாரு. நூறு ஆளு, நூறு குடம். அரண்மனைக் குளத்துல மொண்டு, மலையில தூக்கி, காஞ்ச ஊத்துல ஊத்தி நெரப்பியாச்சு. தேக்குக்குப் பின்னால கூண்டு கூண்டா கிளியை மறைச்சு வச்சாச்சு. மானைக் கட்டி, கயித்து மேல புல்லைப் போட்டு மூடியாச்சு. ராசா பல்லக்குல வந்தாரு, பாத்தாரு, "ஆகா, என்ன ஒழுங்கு"ன்னாரு. வெயிலு மண்டையைப் பொளந்துச்சு, காடு முழுக்க நிழலே இல்ல, ராசாவுக்குப் பசியான பசி.

முதல் குடிசையில இலை போட்டா மருதி. ராசாவுக்கு ஒண்ணு, சொக்கப்பருக்கு ஒண்ணு. ஆவி பறக்கச் சாமைச் சோறு வச்சா. வச்சுட்டு நின்னா.

"குழம்பு?"ன்னாரு ராசா.

"புளித்தண்ணி ரெண்டாவது குடிசையில மகாராசா. இது சோத்து அறை."

ராசா பசியில வெறுஞ்சோத்தை நாலு வாய் தின்னாரு, தொண்டையில நின்னுச்சு. இலையை எடுத்துக்கிட்டு எந்திரிச்சாரு. "சோத்தை அங்க கொண்டுபோகக் கூடாதுங்க, கலந்துரும்"ன்னா மருதி. சரின்னு வெறுங்கையோட ரெண்டாவது குடிசைக்குப் போனாரு. அங்க சட்டி நெறைய புளித்தண்ணி. ஒரு வாய் குடிச்சாரு, பல்லு கூசுச்சு. "உப்பு?"ன்னாரு. "உப்பு மூணாவது குடிசைங்க." அங்க போனாரு, இலை நெறைய உப்பு. நக்கிப் பாத்தாரு, துப்புனாரு. நாலாவது குடிசைக்குப் போனாங்க, அங்க மிளகாய். சொக்கப்பரு ராசாவுக்கு முன்னால ஒழுங்கைக் காட்டணும்னு, "நல்ல ஏற்பாடு மகாராசா, பிரமாதம்"ன்னு சொல்லி மூணு மிளகாயைக் கடிச்சாரு. ராசா ஒண்ணு கடிச்சாரு.

பச்சைக் காந்தாரி மிளகாய். உங்களுக்குத் தெரியுமே.

"தண்ணி, தண்ணி"ன்னு ராசா குதிச்சாரு. "தண்ணி அஞ்சாவது குடிசைங்க"ன்னா. ராசா ஓடுனாரு, பின்னால மந்திரி ஓடுனாரு, கிரீடம் ஒரு பக்கம் சாஞ்சுது. அஞ்சாவது குடிசையில பானை இருக்கு, பானையில தண்ணி இல்ல. கவுத்துக் காட்டுனா.

"ஏன் இல்ல?"ன்னு கத்துனாரு ராசா.

"ஊத்து வத்தி ரெண்டு மாசமாச்சு மகாராசா. கீழ ஆத்துல இருந்து ஒரு நாளைக்கு ஒரு குடம் தூக்குறோம். அதுல உங்களுக்குச் சோறு பொங்கிட்டேன்."

சொக்கப்பரு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டே, "பொய், பொய், ஊத்து நெறைஞ்சு இருக்கு, வாங்க"ன்னு ராசாவை இழுத்துக்கிட்டு ஓடுனாரு. ஊத்து நெறைஞ்சுதான் இருந்துச்சு. ராசா ரெண்டு கையாலயும் அள்ளிக் குடிச்சாரு. மூணாவது வாய் குடிக்குறப்ப நிறுத்துனாரு. வாயில வச்சு அலசுனாரு. முகம் மாறுச்சு.

"சொக்கப்பரே, இந்தத் தண்ணியை நான் பொறந்ததுல இருந்து குடிக்கிறேன். இது என் குளத்துத் தண்ணி. தாமரைக் கிழங்கு வாசம் அடிக்குது."

சொக்கப்பர், "மலையில இருந்துதானே மகாராசா குளத்துக்கு வருது, ரெண்டும் ஒரே தண்ணிதான்"ன்னாரு. ஆளு லேசுப்பட்டவரு இல்ல.

அப்ப கடைசிக் குடிசை வாசல்ல இருந்து சடையன் பேசுனான். கையில கயிறு பிடிச்சிருந்தான். "மகாராசா, எனக்குக் கண்ணு இல்ல. நீங்க எனக்காகக் கொஞ்சம் கேளுங்க. ஊத்துல தண்ணி இருந்தா தவளை இருக்கணும். தவளைச் சத்தம் கேக்குதா?"

ராசா கேட்டாரு. "இல்ல"ன்னாரு.

"கிளி கத்துதே, அது பறந்துக்கிட்டுக் கத்துதா? காலையில இருந்து ஒரே எடத்துல இருந்து கத்துதுங்க. எந்தக் கிளிங்க காலையில இருந்து ஒரே எடத்துல இருக்கும்?"

ராசா தேக்குக்குப் பின்னால போய்ப் பாத்தாரு. கூண்டைப் பாத்தாரு. மான் கழுத்துக் கயிறைப் பாத்தாரு. திரும்பி வந்து சுவர் மேல உக்காந்தாரு. வாய் இன்னும் எரியுது.

"நான் ஒழுங்கா இருக்கணும்னுதானே சொன்னேன்"ன்னாரு, சின்னப் புள்ள மாதிரி. "எங்க சமையல்காரி பெட்டி அப்படித்தானே இருக்கு?"

மருதிக்கு அவரைப் பாக்கப் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா பாவம்னு விட்டா நாளைக்குச் சந்தைக்குப் பின்னால போகணும். "மகாராசா, பெட்டி எடுத்து வைக்கிறதுக்கு. வேகுறதெல்லாம் பானையில. உங்க சமையல்காரி பெட்டியையா அடுப்புல வைக்கிறா? புளியும் உப்பும் மிளகாயும் தண்ணியும் ஒண்ணா வெந்தாத்தான் குழம்பு. தனித்தனியா என்ன ஆகும்னு இப்ப நாலு குடிசையில பாத்தீங்க. காடு பெட்டி இல்லீங்க. காடு அடுப்புல இருக்கிற பானை. நாங்களும் அதுலதான் கிடக்கோம், நீங்களும் அதுலதான் கிடக்கீங்க. உங்க குளத்துல இந்த வருசம் எத்தனை படி தெரியுது?"

"ஒன்பது படி"ன்னாரு ராசா. "போன வருசம் ரெண்டுதான் தெரிஞ்சுது."

கிரீடத்தை நேரா வச்சாரு. அப்புறம், "எனக்கு மரம் வேணுமே. தேரு செய்யணும், பாலம் போடணும்"ன்னாரு.

"வெட்டுங்க. யாரு வேண்டாம்னா? உக்காந்துட்டு வெட்டுங்க"ன்னா.

உக்காருறதுன்னா என்னன்னு ராசா கேட்டாரு. அவ சொன்னா. சொக்கப்பர் வெத்தலை மென்ன கதையையும் சொன்னா. அதைச் சொல்றப்ப அவளுக்குக் கிளி குஞ்சு ஞாபகம் வந்துச்சு.

ராசா எந்திரிச்சாரு. "எல்லைக் கல்லெல்லாம் பிடுங்குங்க. கூண்டைத் திறங்க, மானை அவுத்து விடுங்க, யானை வர்ற வழியை விடுங்க. இந்தச் சுவரை இடிங்க. அதிகாரிங்க அஞ்சு பேரும் இனிமே இந்த மலையில ஒரே குடிசையில இருக்கணும், ஒரே பானையில சாப்பிடணும், ஒருத்தர் பண்ற வேலையை மத்த நாலு பேரும் கேட்டுட்டுத்தான் பண்ணணும். ஆறு குடிசைக்காரங்களும் எங்கயும் போக வேண்டாம், அவங்க சொல்லாம ஒரு கோடாரி இங்க ஏறக் கூடாது"ன்னாரு.

அப்புறம் மந்திரியைப் பாத்தாரு. "நீரு வெட்டுன எடத்துல ஒரு அத்திப்போத்து நடணும். அதுக்கு அடியில உக்காரணும். ஒரு வெத்தலை மெல்லுற நேரம் இல்ல. அந்த மரத்துல இருவாச்சி வந்து உக்காந்து பழம் திங்குற வரைக்கும். அன்னைக்குத்தான் நீரு வீட்டுக்குப் போகலாம்."

போத்துன்னா தெரியுமா, மரத்துல இருந்து தடியான கிளையா வெட்டி மண்ணுல நடுறது. நட்டாரு. முதல் போத்து பட்டுப்போச்சு. ரெண்டாவதை மான் கடிச்சுருச்சு, மான் இப்ப சும்மா திரியுதே. மூணாவது பிடிச்சுச்சு. கீழ ஆத்துல இருந்து குடம் தூக்கித் தண்ணி ஊத்துனாரு. நூறு ஆளைத் தூக்க வச்சவரு, இப்ப ஒரு ஆளாத் தூக்குனாரு. அவரு கட்டுன நாலுகட்டு வீட்டுல வவ்வால் குடியேறிச்சு. அதுவாவது அங்க இருக்கட்டும்.

ரெண்டாம் வருசம் புதரு தழைச்சுச்சு. மூணாம் வருசம் ஊத்துல ஈரம் கண்டுச்சு. நாலாம் வருசம் தவளை வந்துச்சு, யாரும் கூடையில கொண்டாரல, அதுவே வந்துச்சு. அன்னைக்குச் சடையன் கயிறை அவுத்துச் சுருட்டி மருதிகிட்ட குடுத்தான். "விறகு கட்ட ஆகும்"ன்னான். ஆறாம் வருசம் தேன்பாறையில ஒரு அடை தொங்குச்சு. ஆனா அத்தி காய்க்கல. அத்திமரத்து முக்குல மட்டும் சடையன் நிப்பான், "சொக்கப்பா, இருக்கியா?"ன்னு கேப்பான். "இருக்கேன்"ன்னு சொக்கப்பர் சொல்லுவாரு. அந்தக் குரலை வச்சுச் சோத்துக்கைப் பக்கம் திரும்புவான். பாருங்க, மரம் வெட்டுனவரே வழி காட்டுற அடையாளமா ஆயிட்டாரு. மருதிக்கு முதல்ல அவரைப் பாத்தாலே ஆகாது. அப்புறம் ஒரு நாள் ஒரு கலயம் கூழு கொண்டுபோய் வச்சா.

எட்டாம் வருசம் அத்தி காய்ச்சுச்சு. எறும்பு வந்துச்சு, அணில் வந்துச்சு, குக்குறுவான் வந்துச்சு. இருவாச்சி வரல. ஒன்பதாம் வருசமும் வரல. சொக்கப்பருக்குத் தலை நரைச்சு, தாடி நெஞ்சு வரைக்கும் வந்துச்சு.

பத்தாம் வருசம் ஒரு காலையில சடையன் கிழங்குக்குப் போறவன் மரத்துக்கிட்ட நின்னான். "ஏ சொக்கப்பா, எந்திரி. விருந்தாளி வர்றாரு"ன்னான்.

சொக்கப்பர் எந்திரிச்சுப் பாத்தாரு. ஆகாசத்துல ஒண்ணும் இல்ல. "எங்க சடையா?"ன்னாரு. "பொறு"ன்னான். கொஞ்ச நேரத்துல புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம், பெரிய ரெக்கை, மூக்கு மேல மூக்கு. வந்து உக்காந்துச்சு. கிளை ஆடுச்சு. ஒரு பழத்தைப் பிச்சு மேல எறிஞ்சு வாயில பிடிச்சு முழுங்குச்சு.

மருதியும் வாசல்ல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. "முடிஞ்சுதுங்க. நீங்க வீட்டுக்குப் போகலாம்"ன்னா.

சொக்கப்பர் துண்டை உதறித் தோள்ல போட்டாரு. ரெண்டு அடி வச்சாரு. நின்னாரு. திரும்பி வந்து அதே கல்லுல உக்காந்தாரு.

"இன்னைக்குத்தானே வந்திருக்கு. இன்னும் ரெண்டு நாள் இருந்து, வேற யாரு வர்றாங்கன்னு பாத்துட்டுப் போறேன்"ன்னாரு.

அன்னைக்குச் சாயங்காலம் சடையன் கிழங்கோட திரும்பி வந்தான். தேன்பாறையில தேனீ, நேரா வந்தான். அத்திமரத்துல ஒரே சண்டை, யார் பேரையும் கூப்பிடாம சோத்துக்கைப் பக்கம் திரும்புனான். ஊத்துல தவளை, இருபது அடி வச்சான். வாசல்ல கம்பைச் சாத்துன சத்தம் கேட்டு மருதி உலையை இறக்குனா.

அங்க அவங்க பானை இறங்கிருச்சு, இங்க நம்ம கதையும் வெந்து இறங்கிருச்சு. வெட்டுறதுக்கு முன்னால உக்காந்து பாருங்க, அவ்வளவுதான் கதை. காலை மடக்குங்க, படுங்க.